பணி நேரம் முழுவதும் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி உறை: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (புதிய உதவி ஆய்வாளர்):
அனைவருக்கும் வணக்கம். கடலோர ஊர் ஒன்றில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எனக்கு க்ளாக் 17 கைத்துப்பாக்கி வழங்கப்பட்டுள்ளது. அதனுடன் வந்த தோல் உறை, எனக்கு முன் பல இடுப்புகளைப் பார்த்துவிட்டது. துப்பாக்கியை எடுத்தவுடன் அதன் வாய் சப்பையாக ஒட்டிக்கொள்வதால், திரும்பச் செருகுவதற்கு இடக்கையால் விரித்துப் பிடிக்க வேண்டியுள்ளது. ஜீப்பில் உட்கார்ந்தால் கைப்பிடி விலாவில் குத்துகிறது. இரவு ரோந்து முடிந்து வீடு திரும்பும்போது வலப்பக்க இடுப்பு மரத்துப் போகிறது. சொந்தச் செலவில் வேறு உறை வாங்கலாம் என்று நினைக்கிறேன். தொடையில் கட்டும் வகை நல்லதா, இடுப்பு வகையே போதுமா?

பதில் (ஓய்வு பெற்ற ஆயுதப்படைப் பயிற்றுநர்):
தம்பி, உறையைப் பார்ப்பதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள். தோட்டா நிரம்பிய க்ளாக் 17 ஏறத்தாழ 900 கிராம் எடை இருக்கும். அதை ஒரே பக்கத்தில் தாங்குகிற பெல்ட் தொளதொளவென்று இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உறையும் நடக்க நடக்க வெளிப்பக்கம் சாய்ந்து இடுப்பெலும்பை அறுக்கும். 1858இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்னும் அதிகாரி, தோள் வழியாக ஒரு வாரைக் கொண்டுவந்து பெல்ட்டில் தொங்கும் வாள், துப்பாக்கியின் பாரத்தைத் தாங்க வைத்ததும் இதைப் போன்ற சிக்கலுக்காகத்தான்; இன்று அந்தக் குறுக்கு வார் பெரும்பாலும் அணிவகுப்பு அழகுக்கு என்றாகிவிட்டது. இப்போதைய பணி பெல்ட்டுகள் பெரும்பாலும் 57 மில்லிமீட்டர் அகலமும் நல்ல விறைப்பும் கொண்டவை.

அடுத்தது உறையின் வாய். நீங்கள் சொன்ன சப்பை வாய் வசதிக்குறைவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. மடிந்த தோலின் விளிம்பு விசையைச் (ட்ரிகர்) சுற்றியுள்ள கூண்டுக்குள் நுழைந்தால், செருகும் அழுத்தத்திலேயே வெடித்துவிடக்கூடும். விசையை முழுவதும் மூடுவதும், வெறுமையாக இருக்கும்போதும் வாய் திறந்தே நிற்பதுமான கெட்டியான உறையை மட்டும் வாங்குங்கள். கைடெக்ஸ் போன்ற வார்ப்புப் பிளாஸ்டிக்கில் இது எளிதாகக் கிடைக்கும்.

மூன்றாவது, பிறர் பறிக்காமல் காக்கும் பூட்டு. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் பணியாற்றிய பில் ரோஜர்ஸ் 1970களில் இதற்கென ஒரு சோதனையை வகுத்தார். பறிப்பை உறை எவ்வளவு தாங்கும் என்பதற்கு முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று இன்று விளம்பரங்களில் வருவது அதன் வழித்தோன்றல்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறுகிறது என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல், எத்தனை பூட்டு, எந்த விரலால் திறக்கிறது என்று கையில் எடுத்துப் பாருங்கள். சீருடையில் கூட்டத்துக்குள் நிற்பவருக்கு இரண்டு பூட்டாவது வேண்டும். கட்டைவிரலால் திறப்பதாக இருக்கட்டும். ஆட்காட்டி விரலால் அழுத்தித் திறக்கும் வகையில், பதற்றத்தில் அதே விரல் வழுக்கி விசைக்குப் போய்விடும் என்ற அச்சத்தால், அமெரிக்காவில் சில பயிற்சி மையங்கள் அதைத் தடை செய்துள்ளன.

தொடை உறை வேண்டாம். ஓடும்போது அது தனியாக ஆடும். கீழே இறங்க இறங்க அடுத்தவர் கைக்கு எட்டும்.

பதில் (பெண் உதவி ஆய்வாளர், 11 ஆண்டுகள் பணி):
ஐயா சொன்ன பூட்டு விஷயத்தில் எனக்கு மாறுபாடு இல்லை; ஆனால், விலாவில் குத்துவதற்குத் தீர்வு உயரத்தில் இருக்கிறது. உறையைப் பெல்ட்டோடு இணைக்கும் தகடு மூன்று வகையில் வரும்: உயரமாக, நடுத்தரமாக, இறக்கமாக. எனக்கு இடுப்புக்கும் அக்குளுக்கும் இடையே தூரம் குறைவு. உயர வகையில் துப்பாக்கியை உருவ முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. இடுப்பு அகன்றிருப்பதால் கைப்பிடியும் உடலுக்குள் சாய்ந்தது. நடுத்தர இறக்கமும், உடலை விட்டுச் சற்று விலகி நிற்கும் தகடும் மாட்டிய பிறகு இரண்டும் சரியாயின. வாங்குவதற்கு முன் ஜீப் இருக்கையில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் போட்டுக் கழற்றிப் பாருங்கள். அதன் கொக்கி உறையின் பூட்டில் சிக்குகிறதா என்பது கடைக்கண்ணாடி முன் நின்றால் தெரியாது.

பதில் (தலைமைக் காவலர், ஆயுதக் கிடங்குப் பணி):
சில குறிப்புகள் மட்டும். துப்பாக்கி துறையுடையது, சொந்த உறை அணிய மேலதிகாரியின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். துப்பாக்கியில் டார்ச் பொருத்தும் எண்ணம் இருந்தால் அதற்கேற்ற உறையை இப்போதே வாங்குங்கள், பின்னர் நுழையாது. தோல் உறையில் துப்பாக்கியை நாள்கணக்கில் வைக்காதீர்கள். கடற்காற்றும் வியர்வையும் தோல் பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து இரும்பில் துருவையும் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பையும் ஏற்றிவிடும். களிம்பேறிய தோட்டாக்களை நான் துடைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்று அளந்து பார்த்தேன்: என் பெல்ட் 45 மில்லிமீட்டர், உறையின் வளையமோ 57க்கானது. இடையில் ஒரு விரலே நுழைகிறது. ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். முதலில் பெல்ட்டை மாற்றுகிறேன். அனுமதிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது வரும் வரை, தோட்டா இல்லை என்று இரு முறை சரிபார்த்த துப்பாக்கியை, வாயை விரித்துப் பிடித்துக் கண்ணால் பார்த்தபடி மெதுவாகச் செருகிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.