ஜப்பானிய அனிமேஷன் படங்களில் இயற்கையும் நாயகியரும்

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்):
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு, இயற்கைக்காக நிற்கும் ஒரு பெண்ணின் கதையைக் காட்ட விரும்புகிறேன். இயக்குநர் ஹயாவோ மியசாகியின் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
1984இல் வெளிவந்த 'நௌசிகா'விலிருந்து தொடங்குங்கள். நச்சுக்காட்டை எரித்தே தீர வேண்டும் என்று மற்றவர்கள் படை திரட்டும்போது, நாயகியான இளவரசி நௌசிகா கோட்டைக்கு அடியில் உள்ள அறையில் அதே செடிகளைத் தூய நீரிலும் மண்ணிலும் வளர்த்து, நஞ்சு செடியில் இல்லை, மனிதர் கெடுத்த மண்ணில்தான் இருக்கிறது என்று கண்டறிகிறாள். வாள்வீச்சைவிட இந்த ஆராயும் மனமே அவளுடைய வலிமை என்பேன். சிப்காட் ஆலைகளைப் பார்த்து வளரும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

மறுமொழி (மஞ்சக்குப்பம், கடலூர்):
1997இல் வந்த 'இளவரசி மோனோனோகே' இதைவிட ஆழமானது. ஆனால் கையும் தலையும் துண்டாகும் காட்சிகள் இருப்பதால் ஓரிரு ஆண்டுகள் பொறுக்கலாம். காட்டை அழிக்கும் எபோஷி அம்மையாரே, விலைமாதர் இல்லங்களிலிருந்து மீட்ட பெண்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் தம் இரும்பு நகரில் வேலையும் மதிப்பும் தருகிறார். ஓநாய்களிடம் வளர்ந்து காட்டுக்காகப் போராடும் சான் என்ற பெண்ணா, எபோஷியா, யார் பக்கம் நிற்பது என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முதலில் 'நௌசிகா'வைப் பார்க்கிறோம். எபோஷியைப் பற்றி மகளோடு பேச எனக்கும் சற்று முன்தயாரிப்பு தேவை.