அப்பாவின் கால்: இரு கட்டச் சத்திரசிகிச்சை பற்றி அறிந்தவர்கள் உதவுங்கள்

குழுவினருக்கு வணக்கம். பொகவந்தலாவையில் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வசிக்கும், நீரிழிவுள்ள என் அப்பாவுக்கு (வயது 68) இடது பெருவிரல் கறுத்துவிட்டது. இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் வலி அடங்குகிறது. காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளில் அடைப்பாம். இடுப்பு நாடியில் ஸ்டென்ட் (நாடியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைப்பதையும் தொடைச்சந்து நாடியைத் திறந்து அடைப்பை அகற்றுவதையும் ஒரே தடவையில் செய்துவிட்டு, புண் ஆறாவிட்டால் மட்டும், சில வாரங்களின் பின் அவரது காலின் நாளத்தையே எடுத்து முழங்காலுக்குக் கீழ்வரை பைபாஸ் (அடைப்பைத் தவிர்த்து இரத்தம் செல்ல மாற்றுவழி) செய்யலாம் என்கிறார் வைத்தியர். ஊற்றிலிருந்து நீர் வராமல் பீலியை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதால், இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

அவரது கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) 1.8 எனக் கூடியிருப்பதால், ஸ்டென்டின்போது செலுத்தும் சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்பதே என் அச்சம். இச்சிகிச்சை பெற்றவர்கள், சிறுநீரகத்துக்கு என்ன முன்னேற்பாடு செய்தார்கள், இடைப்பட்ட வாரங்களில் விரலை எப்படிப் பராமரித்தீர்கள், லயத்துப் படிகளில் எப்போது ஏற முடிந்தது என்பதை எழுதுங்கள்.