மறுமொழி: மறுமொழி: தலையும் கைகாலும் மட்டும் பளிங்கு – என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.
கலை வரலாற்றுப் பாடநூலில் ‘அக்ரோலித்’ (தலையும் கைகாலும் மட்டும் கல், உடல் வேறு பொருள்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி முட்டி நிற்கிறேன். உரோம் நகர லார்கோ அர்ஜென்டினாவில் உள்ள ‘பி’ கோயில், பொ.மு. 101இல் வெர்செல்லேப் போரில் உரோமத் தளபதி கத்துலுஸ் நேர்ந்துகொண்டு எழுப்பியது. உள்ளே நற்பேற்றின் தெய்வமான ஃபோர்ச்சூனா தேவி. தலை மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்! தலை, கை, பாதம் பளிங்கு. ஆடை மூடிய உடல் வெண்கலமாம், இன்று அது இல்லை. வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். ‘மரவுடற்சிலை’ சரிவருமா?
– மா.

> மரவுடற்சிலை

இந்த வகையில் பலவற்றுக்கு உடல் மரம்தான். ஆனால் உங்கள் ஃபோர்ச்சூனாவுக்கே பொருந்தாத சொல்லை அவள் படத்துக்கு அடியிலேயே அச்சிடுவீர்களா? கிரேக்கத்தில் அக்ரோஸ் நுனி, லித்தோஸ் கல். நுனிக்கற்சிலை என்க.
– இள.

இள. ஐயா, சிலை என்றாலே கல். இது ‘கேட்டுக்கதவு’ கதை, ஒன்றையே இருமுறை சொல்வது. தவிர, உரோமர் பெரும்பாலும் மனிதருக்கு ‘ஸ்டாட்டுவா’, தெய்வத்துக்கு ‘சிக்னும்’, ‘சிமுலாக்ரும்’ என்று பிரித்தே வழங்கினர். கருவறையில் இருப்பது திருமேனி. மணிமேகலையில் தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை கண்ட மொழிக்கு இதில் என்ன தடுமாற்றம்?
– வே.

வெண்கலச்சிலை என்று ஊரே சொல்கிறது; சிலையைக் கல்லுக்குள் திரும்ப அடைக்க முடியாது. கான்ஸ்டன்டைன் பேரரசனின் பேருருவும் இதே வகை. அவனுக்கும் திருமேனியா? ‘நுனி’ என்றால் பிள்ளைகள் விரல்நுனியைப் பார்ப்பார்கள். உறுப்புக்கற்சிலை போதும்.

ஒரு கிளைக்கதை: உரோமின் கேபிடோல் குன்றுக் கோயிலில் இருந்த முதல் யூபிடர் (உரோமரின் தலைமைத் தெய்வம்) சுடுமண்ணால் ஆனவர், வேயி நகரத்து வுல்கா செய்தது. விழா நாட்களில் அவர் முகத்துக்கு மினியம் என்ற செந்நிறப் பொடி பூசினார்கள் என்கிறார் உரோம எழுத்தாளர் பிளினி. அகராதியை நம்பி ‘செந்தூரம்’ போட்டுவிடாதீர்கள். பிளினி சொல்லும் மினியம் சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. ஈயச் செந்தூரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது பிற்பாடு.
– செ.

> உறுப்புக்கற்சிலை போதும்

சரி, போகட்டும். ‘திருமேனி’யைக் கோயில் பகுதியிலாவது விட்டுவையுங்கள்.
– வே.

சாதிலிங்கம் குறித்துக்கொண்டேன், யூபிடர் அடுத்த இயல்தான். உறுப்புக்கற்சிலை என்றே வைக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் ‘அக்ரோலித்’தும் சேர்த்து. இனி மாற்ற நேரமில்லை.
– மா.

என் மறுப்பைப் பதிவுசெய்க. கை உறுப்பு என்றால் வயிறு உறுப்பில்லையா?
– இள.