டர்போ என்ஜின் மாற்றிய எம்எம் 540: மலை ஏற்றத்தில் மட்டும் சூடு ஏறுகிறது

கேள்வி: மலைப்பாதை540
மஹிந்திரா எம்எம் 540 ஜீப். பழைய எக்ஸ்டி3பி என்ஜினை இறக்கிவிட்டு எம்டிஐ 3200 டர்போ, 2523 சிசி, ஏற்றியிருக்கிறது. ரேடியேட்டர் பழையதேதான். அதன் முன்னால் இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது), அதற்கும் முன்னால் ஏசி கண்டென்சர். பெல்ட் ஃபேனை எடுத்துவிட்டு, பின்பக்கம் 14 இன்ச் எலக்ட்ரிக் ஃபேனை பிளாஸ்டிக் டை போட்டு ரேடியேட்டரின் கோரிலேயே (டியூபும் ஃபின் தகடுகளும் உள்ள நடுப்பகுதி) கட்டியிருக்கிறார்கள். ஷ்ரவுட், அதாவது கோரையும் ஃபேனையும் சேர்த்து மூடும் கூடு, இல்லை. சூடு குறையும் என்று தெர்மோஸ்டாட்டையும் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றியாகிவிட்டது.

ஹைவேயில் 80 கிமீ வேகத்தில் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 20வது வருவதற்குள் சிவப்பைத் தொடுகிறது. ஏசி போட்டால் இன்னும் சீக்கிரம். கூலன்ட் குறையவில்லை. பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: ரேடியேட்டர்காரர்
இப்போதைக்கு வாங்காதீங்க சார். வேகமாகப் போனால் சரியாக இருக்கிறது, மெதுவாக ஏறினால் சுடுகிறது என்றால் முதல் சந்தேகம் காற்று மேல்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோர் 18க்கு 18 இன்ச் என்றால் பரப்பு 324 சதுர இன்ச். 14 இன்ச் ஃபேனின் வட்டம் சுமார் 154. ஷ்ரவுட் இல்லாமல் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் பகுதியில் மட்டுமே காற்றை இழுக்கும். பாதிக்கு மேல் கோர் சும்மா கிடக்கிறது.

ஃபேன் ஓடும்போது கண்டென்சருக்கு முன்னால் ஒரு ஏ4 தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் வயர் மாறியிருக்கிறது, ஃபேன் முன்பக்கமாக ஊதுகிறது. என்ஜின் ஓடும்போது ஃபேன் டெர்மினலில் வோல்டேஜும் பாருங்கள். 13க்குக் கீழே என்றால் வயர் மெலிசு அல்லது எர்த் சரியில்லை.

அந்த டையை முதலில் வெட்டி எடுங்கள். அதிர்வில் ஃபின்னை அரைத்து டியூபைத் தொட்டுவிடும். டை போன ஓட்டையைச் சுற்றிக் கூலன்ட் காய்ந்த கறை இருந்தால் ஏற்கெனவே கசிகிறது.

பதில்: டீசல்தம்பி
தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு குறையும் என்பது எல்லா என்ஜினுக்கும் பொருந்தாதுங்க. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலிருந்து வாட்டர் பம்புக்கு ஒரு சின்ன ஹோஸ் போகிறதா பாருங்கள். அது பைபாஸ். சூடானதும் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு அந்த வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தபடியே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வரும்.

புதிதாக வாங்கினால் பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கொதிக்க வையுங்கள். 82 என்று அச்சடித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து 95க்குள் நன்றாகத் திறக்க வேண்டும். மாட்டும்போது ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

பதில்: மீட்டர்_பார்ப்பவர்
என்ஜின் மாற்றிய வண்டியில் முள்ளை நம்பக் கூடாது. சென்சார் ஒரு வண்டியுடையது, மீட்டர் இன்னொன்றுடையது என்றால் ரெசிஸ்டன்ஸ் பொருந்தாது. இன்ஃப்ராரெட் கன்னால் ரேடியேட்டரின் மேல் இன்லெட்டையும் கீழ் அவுட்லெட்டையும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அளவு குறைத்துக் காட்டும், அதனால் அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்கணும். ஏற்றத்தில் ஏறி நிறுத்திய உடனே எடுங்கள்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் காற்றுக் குறை. கீழே 25, 30 டிகிரி குறைவு என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு: அடைப்பு, பம்ப் அல்லது பைபாஸ்.

மலைப்பாதை540
அளந்தாச்சு. மேலே 104, கீழே 99. ஃபேன் டெர்மினலில் 11.2 வோல்ட். தாள் லேசாகத்தான் ஒட்டியது. சின்ன ஹோஸ் இருக்கிறது.

பதில்: ரேடியேட்டர்காரர்
5 டிகிரிதான் வித்தியாசம், அப்போ காற்றுதான் குறை. தெர்மோஸ்டாட் இப்போதைய குற்றவாளி இல்லை, ஆனாலும் திரும்பப் போடுங்கள்.

முதலில் வயரிங். பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மிமீ வயர், 30 ஆம்ப் ஃபியூஸ், 40 ஆம்ப் ரிலே, எர்த்தும் அதே கனம். பிறகு தகரத்தில் முழுக் கோரையும் மூடும் ஷ்ரவுட், கோருக்கும் ஃபேனுக்கும் 50 மிமீ இடைவெளி விட்டு. கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் ஓரங்களில் ஃபோம் வைத்து அடையுங்கள். இல்லையென்றால் காற்று சுலபமான சந்து வழியாகப் போய்விடும். இடம் இருந்தால் விஸ்கஸ் கிளட்ச் (சூடு ஏறினால் ஃபேனை வேகமாகச் சுற்ற விடுவது) வைத்த பெல்ட் ஃபேனையே திரும்ப மாட்டுங்கள், மலை ஏறும் டீசலுக்கு அதுதான் என் முதல் தேர்வு. பிளேடின் அகலத்தில் பாதி ஷ்ரவுடுக்குள், பாதி வெளியே இருக்கணும்.

ரேடியேட்டர் மூடியையும் புதிய 0.9 பார் மூடியாக மாற்றிவிடுங்கள். அது அழுத்தத்தைப் பிடித்தால் 50:50 கூலன்ட் சுமார் 125 டிகிரி வரை கொதிக்காது. நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும், இந்த என்ஜினின் ஹெட் பழைய ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக இருந்தால் மேலே காற்று தங்கிவிடும்.

இவ்வளவும் செய்து அதே ஏற்றத்தில் மறுபடி அளந்து, வந்த அளவை இங்கே எழுதுங்கள். அதற்குள் மலையில் சிவப்பு வந்தால் என்ஜினை உடனே அணைக்காதீங்க: வண்டியை ஓரமாக நிறுத்தி, ஏசியை அணைத்து, நியூட்ரலில் 1500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் விடுங்கள். முள் இறங்கவில்லை என்றால் அப்போது அணையுங்கள். மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது தொடவே தொடாதீங்க.