புதுப்பிப்பு: பழைய சர்வரில் நான்கு எஸ்எஸ்டி

பழைய வீட்டு சர்வரில் டிரைவ் இணைக்கும் சாட்டா போர்ட் இரண்டுதான் காலியாக இருக்கிறது, அதில் நான்கு எஸ்எஸ்டி (சிப்பில் தகவல் சேமிக்கும் டிரைவ்) சேர்க்க வழி உண்டா என்று கேட்டிருந்தேன். சேர்த்தாயிற்று.

நான்கு என்விஎம்இ டிரைவ் (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) பொருத்தி மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் பிசிஐஇ கார்டைத்தான் முதலில் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. கார்டில் கோளாறில்லை, ஸ்லாட்டின் 16 லேனை (தகவல் போகும் பாதைகளை) நான்கு நான்காகப் பிரித்துத் தரும் பைஃபர்கேஷன் வசதி இந்த போர்டின் பயாஸில் (தொடக்க மென்பொருளில்) கிடையாது. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

சரி என்று சாட்டா எஸ்எஸ்டிக்கே திரும்பி, கூடுதல் டிரைவ்களை இணைக்க உதவும் 8 போர்ட் எச்பிஏ கார்டை, டிரைவ்களைத் தனித்தனியாக அப்படியே காட்டும் ஐடி மோடில் போட்டேன். நான்கும் உடனே தெரிந்தன. போர்டின் பழைய தலைமுறை சாட்டா 2 போர்ட்டில் நொடிக்கு 270 எம்பியில் முட்டி நின்ற வேகம் இப்போது 500ஐத் தாண்டுகிறது. நெட்வொர்க் ஒரு கிகாபிட்தான், ஆகவே வெளியிலிருந்து நகலெடுத்தால் அதே பழைய 110 எம்பி. அது தனி சோகம். சர்வருக்குள்ளேயே ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் (மென்பொருளால் உருவாக்கிய கணினிகள்) மட்டும் பறக்கின்றன.

அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை இந்தக் கார்டு கடத்துவதில்லை. அதனால் எழுதும் வேகம் குறையாமலிருக்க ஒவ்வொரு டிரைவிலும் பத்து சதவீதத்தைப் பிரிக்காமல் காலியாக விட்டிருக்கிறேன். அப்புறம், கார்டின் ஹீட்சிங்க் தொட முடியாத சூடு. சின்ன ஃபேன் ஒன்றைக் கட்டிவிட்டேன்.