பிளஸ் டூ பிள்ளைக்கு எந்த நுழைவுத் தேர்வு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவில்பட்டி அம்மா:
மகள் பயோ-மேக்ஸ் குரூப். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரில் சேர்ந்து ஆராய்ச்சிப் பக்கம் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வான ஐஏடி-க்கு விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம், அப்படியே சான்றிதழ்களை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அந்தத் தம்பி நல்ல பையன்தான். போட்டோவை கேபி கணக்குக்குள் சுருக்கிக்கொண்டே, "பயோ-மேக்ஸ்னா நீட் தானேக்கா? அது திறந்துதான் இருக்கு, போட்ருவோமா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. பின்னால் நின்ற ஓர் அம்மா வேறு, "போட்டு வைங்க, எழுதினா என்ன குறைஞ்சா போகுது" என்றார். மகள் திரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

போட்டாச்சு. நீட் கோச்சிங்கும் போகிறாள். நீட்டில் கணக்கு கிடையாது. ஐஏடி-யில் 60 கேள்வி, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, பயாலஜி என்று பாடத்துக்கு 15. கணக்குப் புத்தகம் திறக்காமலே கிடக்கிறது. இரண்டையும் எழுத வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பென்சில்கரி:
அக்கா, எங்கள் வீட்டில் தேர்வே மாறிப்போனது. தங்கைக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசை, அதுவும் மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரியான திருச்சி என்ஐடி-யில். வரையச் சொல்லிக்கொடுத்த பயிற்சி நிலையத்தில், "ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா நுழைவுத் தேர்வு எழுதினால் போதும், இந்தியா முழுக்கச் செல்லும்" என்றார்கள். நாட்டாவில் நல்ல மதிப்பெண். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தால் ஜேஇஇ மெயின் என்ற நுழைவுத் தேர்வின் விண்ணப்ப எண்ணைக் கேட்கிறது. என்ஐடி-யில் பி.ஆர்க். சேர ஜேஇஇ மெயினில் ஆர்க்கிடெக்சருக்கான தாள் 2ஏ எழுதியிருக்க வேண்டுமாம், அதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. அன்றைக்கும் ஏதோ வரைந்துவிட்டு எழுந்து வந்தவள், கை ஓரமெல்லாம் பென்சில் கரி. அந்தக் கையால் மௌஸை மேலும் கீழும் உருட்டி, நாட்டா என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

இப்போது தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இடம் வாங்கிப் படிக்கிறாள். பிளஸ் டூ-வுக்கு 200, நாட்டாவுக்கு 200 என்று அங்கே அது செல்லும். படிப்பில் குறையில்லை. அந்த நிலையத்துப் பலகையைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
கோவில்பட்டி அம்மாவுக்கு: நீட் விண்ணப்பம் போட்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை, பதற வேண்டாம். என் கவலை வேறு. என்னிடம் படித்த பையன் ஒருவன், ஜேஇஇ-க்காக இரவு பகலாக உழைத்தான். பொதுத் தேர்வில் கணக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். ஐந்து மதிப்பெண் கேள்வி, தாளின் ஓரத்தில் விடை மட்டும் எழுதியிருக்கிறான். விடை சரி. படிகளைக் காணோம். கொள்குறி வினா எழுதி எழுதிக் கை அப்படிப் பழகிவிட்டது.

ஆகவே பெற்றோர் கவனத்துக்குச் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டுப் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. 2007-இல் எடுத்தாயிற்று. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்கு கட்-ஆஃப், அவ்வளவுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்திலும் உண்டு, பொறியியலிலும் உண்டு. என்ஐடி வேண்டும் என்றால் ஜேஇஇ மெயின் எழுதட்டும், அங்கே பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. ஆனால் பிளஸ் டூ-வில் 75 சதவீதமோ, வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலோ வேண்டும் என்ற விதியை மறக்க வேண்டாம். அப்புறம், ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம், ஐஐடி-க்கான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழிப் பிள்ளையை ஐஐடி கோச்சிங்கில் சேர்க்கும்போது இதை எத்தனை நிலையங்கள் சொல்கின்றன? முதலில் பொதுத் தேர்வு, பிறகு ஒரே ஒரு நுழைவுத் தேர்வு. அதற்கு மேல் வேண்டாம். காலையில் நாலரைக்கு எழுந்து படிப்பதும் நல்லது.

டெல்லிக் குளிர்:
ஐயா, நாலரைக்கு எழுவது இருக்கட்டும். இங்கே எல்லாரும் சயின்ஸ் குரூப் என்றே பேசுகிறீர்கள். நான் காமர்ஸ், கணினிப் பயன்பாடு. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் படிக்க ஆசைப்பட்டேன். அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டில் கணக்கு எழுத வேண்டும், பிளஸ் டூ-வில் கணக்கு படித்திருக்கவும் வேண்டும். பத்தாவது முடிந்து குரூப் எடுத்த அன்றே அந்தக் கதவு மூடிவிட்டது. எந்தத் தேர்வு என்று பன்னிரண்டாவதில் உட்கார்ந்து பேசுவதே பலருக்கு லேட்டு.

வரலாறு ஹானர்ஸ் கேட்டேன். மொழித்தாளுக்குத் தமிழ் எடுத்தேன், அதுவும் செல்லும். ஒரு இன்ஜினியரிங் காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் தேர்வு. பக்கத்துப் பையன் திரை முழுக்க ஃபிசிக்ஸ் படம். என் திரையில் தமிழ்ப் பத்தி ஒன்று, கீழே நாலு விடை. ஒரு நிமிடம் பரீட்சை என்பதே மறந்து ரசித்துப் படித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் மேலே ஓடிய கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேகமாகக் கிளிக் செய்தேன். "ஒரே ஒரு தேர்வு" என்று சொல்பவர்களுக்கு: என் வகுப்பில் க்யூட் எழுதியது நான் மட்டும். அதனால்தான் இப்போது டெல்லியில் இருக்கிறேன்.

சிறுசேரி பஸ்:
வாத்தியார் ஐயா சொன்னாரே, படிப்படியாக எழுதும் பழக்கம், அது கைகொடுக்கிற நுழைவுத் தேர்வும் ஒன்று உண்டு. சென்னை கணிதவியல் கழகத்தின் தேர்வில் பி பகுதி முழுக்க நிரூபணம்தான், டிக் அடிக்க ஒன்றும் இருக்காது. என் முன்னால் உட்கார்ந்தவன் ஜேஇஇ வேகத்தில் ஏ பகுதியை முடித்துவிட்டான். பி பகுதியில் முதல் கேள்விக்கு எண் மட்டும் போட்டுவிட்டுப் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து. அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருந்தது. எனக்கு இடம் கிடைத்தது, அவனை அப்புறம் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
டெல்லித் தம்பிக்கு: நான் சொன்னது பொதுவான பிள்ளைகளுக்கு. விதிவிலக்கை வைத்து வாதாட வேண்டாம். மேலும் டெல்லியில் விடுதிச் செலவு என்னவென்று...

கோவில்பட்டி அம்மா:
ஐயா, சண்டை வேண்டாம். இதையெல்லாம் மகளிடம் வாசித்துக் காட்டினேன். நீட் கோச்சிங்கில் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை விட்டுவிட்டு அந்த நேரத்தில் கணக்குப் போடட்டுமா என்று கேட்கிறாள். அவள் அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். ஐஏடி-க்கு நல்ல மாதிரி வினாத்தாள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், பழையதாக இருந்தாலும் சரி.