ஏற்காடு பஸ்ஸும் ஓர் எலுமிச்சம்பழமும்

வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் பள்ளியில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவேன். ஒன்றுக்கு அளவு மட்டும். மற்றதற்கு அளவும் திசையும். விளங்கியதா என்றால், இல்லை. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம் என்று எழுதிவிட்டு, அது ஆக்ஸிலேட்டரை மிதிப்பது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் ஏற்காட்டு அத்தை வீட்டுக்குப் போனபோது, பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கண்ணாடிக்குக் கீழே சாமி படம், அதன் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். மலைப்பாதையில் மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் இடப்பக்கம் திரும்பினால் பழம் வலப்பக்கம் உருண்டது. வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். வேகம் காட்டும் முள்ளோ இருபதுக்குச் சற்றுக் கீழே அப்படியே நின்றது. பிறகு பழத்தை உருட்டியது யார்?

யாருமில்லை. பழம் தான் போன திசையிலேயே போகப் பார்த்தது. அதற்கடியில் பஸ்தான் திரும்பிக்கொண்டது. திரும்புவதற்கு வளைவின் மையத்தை நோக்கி முடுக்கம் வேண்டும். டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு அதைத் தருகிறது.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5-ஐ வர்க்கமாக்கி 10-ஆல் வகுக்க முடுக்கம் 2.5 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இல் ஏறக்குறையக் கால் பங்கு! பின் இருக்கையில் வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தவர் இதை எனக்கு முன்பே உணர்ந்திருப்பார். வளைவுக்கு முன் வடக்கே 5, வளைந்து முடிந்ததும் தெற்கே 5. மாற்றம் பூஜ்யம் அல்ல, 10. திசையைச் சேர்த்துக் கழிக்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

★

எனக்கு இது மாங்காயில் விளங்கியது, அண்ணா. சேலத்தில் சீசன் நேரத்தில், கீழே நிற்பவர் எறிய லாரி மேல் நிற்பவர் பிடிப்பார். அவர் தவறவிட்ட ஒரு காய் உச்சிக்குப் போய்க் கண நேரம் நின்று திரும்பியது. அந்தக் கணத்தில் திசைவேகம் பூஜ்யம். முடுக்கமும் பூஜ்யம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன் நான். அப்படி இருந்தால் காய் அங்கேயே தொங்கியிருக்க வேண்டுமே! ஏறும்போதும் நிற்கும்போதும் இறங்கும்போதும் கீழ்நோக்கி அதே 9.8தான்.

அது சரி, அந்த எலுமிச்சம்பழம் மேலே போய்ச் சேர்ந்ததா?

★

இல்லை, தம்பி. பத்தாவது வளைவில் ஓட்டுநர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.